பழைய டீசல் ஜீப்பை வீட்டிலேயே மீட்டெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போடிமெட்டு, குரங்கணி, கொல்லிமலை, வால்பாறை போன்ற மலைப்பகுதிகளில் தோட்டத் தொழிலாளர்களையும் ஏலக்காய் மூட்டைகளையும் சுமந்து ஓய்ந்த மகிந்திரா ஜீப்புகள் இன்றும் பல வீடுகளின் கொல்லையில் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை வீட்டிலேயே சீர்செய்ய விரும்புவோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். என்னிடம் இருப்பது 1991-ஆம் ஆண்டு எம்எம்540 என்ற மகிந்திரா டீசல் ஜீப். வீட்டு வாசலில், தகரக் கொட்டகையின் கீழ், விடுமுறை நாள்களில் மட்டும் வேலை செய்து இரண்டரை ஆண்டுகளில் சாலைக்குக் கொண்டுவந்தேன்.

எம்எம்540-இல் உள்ள எஞ்சின் எது? வீட்டில் வேலை செய்ய ஏற்றதா?

பியூஜோ நிறுவனத்தின் எக்ஸ்டிபி 4.90 என்ற நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். சிலிண்டரின் விட்டம் 90 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரமான ஸ்ட்ரோக் 83 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 2112 சிசி. டீசல் நேராக பிஸ்டன் மேல் பாயாமல், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் உள்ள சிறு அறைக்குள் பாய்ந்து அங்கே பற்றி வெளிவரும் அமைப்பு இது. அதனால்தான் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப, அந்த அறையைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் தேவைப்படுகிறது. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. மின்சாரம் வேண்டியது செல்ஃப், ஹீட்டர், விளக்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய எஞ்சின் என்று தயங்காமல் சொல்வேன்.

வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

எஞ்சினை அல்ல, வண்டியின் அடிச்சட்டமான சேஸியை. எஞ்சினுக்கு உதிரிபாகம் கிடைக்கும். அரித்துப்போன சேஸியைச் சரிசெய்வது வேறு வகை வேலை. ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் ஹேங்கர்கள், பின்புறக் குறுக்குச் சட்டம், பாடி உட்காரும் மவுண்டுகள் ஆகிய மூன்று இடங்களிலும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்தது மந்தமாக ஒலிக்கும். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் பூசிய சேஸியைக் கண்டால் இரண்டு மடங்கு கவனம் தேவை.

அடுத்து, தரையில் விரித்திருக்கும் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். என் வண்டியில் ஓட்டுநர் பக்க மேட்டைத் தூக்கியபோது, பழைய தகரத்தின் மேல் வேறொரு தகரத்தை வைத்து ரிவெட் அடித்து, இடைவெளியைத் தாரால் அடைத்திருந்தார்கள். அந்தத் தாரைச் சுரண்டியதும் கீழே கிடந்த செங்கல் ஜல்லி கண்ணுக்குத் தெரிந்தது. இதனால் வண்டியை வேண்டாமென்று விட்டுவிடத் தேவையில்லை. விலை பேசும்போது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதிவுச் சான்று பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடியே வண்டியிலும் இருக்கின்றனவா என்பதைத் துருவைத் தேய்த்து, எண்ணைக் கண்ணால் படித்த பிறகே முன்பணம் கொடுங்கள். சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இத்துடன் பசுமை வரியும் உண்டு. காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. செல்வதற்கு முன் அன்றைய கட்டணத்தை அலுவலகத்திலேயே கேட்டறிவது நல்லது. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு எதிரான உத்தரவு தில்லித் தலைநகர்ப் பகுதிக்குரியது. அதைக் காட்டி இங்கே உங்களைப் பயமுறுத்துபவர்களின் பேச்சை நம்ப வேண்டாம்.

பதிவு காலாவதியாகிப் பல ஆண்டுகளான வண்டி மலிவாகக் கிடைக்கும். அதில் பெயர் இருப்பவர் உயிருடன் இருக்கிறாரா, கையெழுத்திட வருவாரா என்பது உறுதியாகும் வரை அந்த மலிவு மலிவல்ல.

எங்கிருந்து வேலையைத் தொடங்குவது?

பிரேக்கிலிருந்து. பெரும்பாலானோர் எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கும் ஆசையில் அதிலிருந்து தொடங்குகிறார்கள். எஞ்சின் கிளம்பியதும் தெருவில் ஒரு சுற்று போய்வரும் ஆசை வந்துவிடும், நிற்க வழியிருக்காது. முதலில் நிற்கட்டும், பிறகு திரும்பட்டும், பிறகு சூடேறாமல் ஓடட்டும், கடைசியாக வேகம். மீட்டெடுக்கும் வேலைக்கும் மேம்படுத்தும் வேலைக்கும் இந்த வரிசையையே நான் பரிந்துரைக்கிறேன்.

நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்களையும் கழற்றி, பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால், எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் கப் போய்விட்டது. ஓர் ஓரத்தில் மட்டும் கப் மாற்றாமல் நான்கிலும் மாற்றுங்கள். சிலிண்டரின் உட்சுவரில் புள்ளிபுள்ளியாக அரிப்பு இருந்தால் சிலிண்டரையே மாற்றுவதுதான் முறை. இரும்புப் பிரேக் குழாய்கள், மூன்று ரப்பர் ஹோஸ்கள், டாட் 3 தரப் பிரேக் எண்ணெய் என எல்லாம் புதிதாகட்டும். பிரேக் மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் எண்ணெய்க் கிண்ணம் ஒரே அறையாக இருந்தால் உங்கள் வண்டியில் இருப்பது ஒற்றைச் சுற்று. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். அதை இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டராக மாற்றுவதே ஜீப்பில் செய்யக்கூடிய மிகச் சிறந்த மேம்பாடு என்பது என் உறுதியான கருத்து.

பழைய பிரேக் லைனிங் தூளில் கல்நார் இருக்கக்கூடும். அதைக் காற்றால் ஊதாதீர்கள். தண்ணீரால் நனைத்துத் துடைத்து, துணியை மூடிக் கட்டி எறியுங்கள்.

வண்டியைத் தூக்கி வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியது என்ன?

ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஒரு நொடியில் நொறுங்கும்; அவற்றை நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஜீப்புக்கே உரிய இன்னோர் ஆபத்தும் உண்டு. கியர் பாக்ஸின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில் கை பிரேக் டிரம் பொருத்தப்பட்ட வண்டிகளில், கை பிரேக் பிடிப்பது அங்கிருந்து பின் சக்கரங்களுக்கு விசை கொண்டுசெல்லும் ப்ரொபெல்லர் ஷாஃப்டைத்தான், சக்கரத்தை அல்ல. பின் சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், தூக்கிய சக்கரம் பின்னோக்கிச் சுழன்று கொடுக்க, தரையில் உள்ள சக்கரம் தாராளமாக உருளும். கை பிரேக் போட்டிருந்தும் வண்டி நகரும். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைக்காமல் பின்புறத்தைத் தூக்காதீர்கள்.

பல ஆண்டுகள் நின்ற எஞ்சினை எப்படிக் கிளப்புவது?

அவசரப்பட்டு பேட்டரியைக் கொடுத்து செல்ஃப் அடிக்கக் கூடாது. ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு எஞ்சினின் முன்புறம் உள்ள கிராங்க் புல்லியைக் கையால் திருப்பிப் பாருங்கள். இரண்டு முழுச் சுற்று தடையின்றிச் சுற்றினால்தான் அடுத்த படி. பழைய டீசலையும் பழைய ஆயிலையும் முழுவதும் வடித்துவிடுங்கள். டேங்கின் அடியில் தண்ணீரும், அதில் வளர்ந்த வழவழப்பான கறுப்புப் பாசியும் இருக்கும். அதை அப்படியே பம்புக்கு அனுப்பினால் பம்பின் கதை முடிந்தது.

கிளப்பும் முன் எஞ்சினை நிறுத்தும் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். டீசல் எஞ்சின் நிற்பது டீசல் வரத்தை வெட்டுவதால்தான். பம்பின் உள்ளே ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால், கிளம்பிய எஞ்சின் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி வைத்து, அந்த வாயை முழுதாக மூடக்கூடிய தட்டையான பலகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். காற்று அடைபட்டால் எஞ்சின் நிற்கும். உள்ளங்கையாலோ துணியாலோ அடைக்க முயலக் கூடாது. ஈதர் ஸ்ப்ரே அடித்துக் கிளப்பும் பழக்கமும் வேண்டாம். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும் எஞ்சினில் அது வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும்.

ஹீட்டர் பிளக்கைச் சோதிப்பது எளிது. கம்பியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அளந்தால் மிகக் குறைந்த ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் அந்தப் பிளக் எரிந்துவிட்டது.

எஞ்சின் கிளம்புகிறது, சற்று ஓடி நின்றுவிடுகிறது. பம்ப் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை, காற்று இழுக்கிறது. டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள பாதையில் எங்கோ ஒரு ஹோஸ் வெடித்திருக்கும், அல்லது ஃபில்டர் வாஷர் இறுகியிருக்காது. இந்த இடத்தில் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். ஆகவே கண்ணுக்குத் தெரியாது. பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்திப் பாருங்கள். அதில் நீர்க்குமிழி போல வரிசையாகக் குமிழிகள் ஓடினால் விடை கிடைத்துவிட்டது. என் வண்டிக்குப் பம்பை மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் பெருந்தொகை கேட்டார்கள். வீட்டுக்கு வந்து இந்தச் சோதனையைச் செய்தபோது, ஃபில்டர் தலையில் ஒரு செம்பு வாஷர் இரண்டாக மடங்கிக் கிடந்தது.

பம்பையும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். அவற்றைப் பெஞ்சில் வைத்து அளந்து சரிசெய்யும் பம்ப் பட்டறைக்கே கொடுக்க வேண்டும். நாசிலைக் கழற்றி வெளியே பீய்ச்ச விட்டுச் சோதிக்கும்போது அந்தப் பீச்சலின் எதிரே கையைக் காட்டவே கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது.

இப்போதைய பிஎஸ்-6 டீசல் பழைய பம்புக்குக் கெடுதலா?

பிஎஸ்-6 என்ற புகை விதிப்படி, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கப்படும் டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்குக்குள் இருக்க வேண்டும். கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழவழப்பும் குறைகிறது. ரோட்டரி பம்புக்குத் தனி ஆயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசலே அதற்கு உயவு. அதனால் இந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால், சுத்திகரிப்பு ஆலைகள் வழவழப்புக்கான சேர்மானத்தைக் கலந்தே டீசலை அனுப்புகின்றன. நடைமுறையில் நாம் சந்திப்பது வேறொரு சிக்கல்: பழைய டீசலில் பல ஆண்டுகள் ஊறி உப்பிய ரப்பர் சீல்கள் புதிய டீசலில் சுருங்கிக் கசியத் தொடங்கும். பம்பை ஒருமுறை பட்டறையில் புது சீல் செட் போட்டு வாங்கிவிட்டால் இந்தக் கவலை தீரும். வழவழப்புக்காகச் சிலர் செய்வதுபோல் டீசலில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலைத் தொடர்ந்து கலக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

புகையின் நிறத்தை வைத்து என்ன சொல்லலாம்?

கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வருகிறது. காலையில் மட்டும் வந்து சூடானதும் நின்றால் ஹீட்டர் பிளக், நாள் முழுதும் வந்தால் டைமிங் அல்லது கம்ப்ரஷன். வெள்ளைப் புகையுடன் ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று மெக்கானிக் கழற்றிவிட்டார். சரியா?

சரியல்ல. நல்ல மெக்கானிக்குகளும் செய்யும் தவறு இது. தெர்மோஸ்டாட் எஞ்சினைச் சூடாக்கும் கருவி அல்ல. எஞ்சின் உரிய சூட்டை எட்டும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்து, பிறகு திறந்துவிடும் கதவு. அது இல்லாத டீசல் எஞ்சின் எந்நேரமும் குளிர்ந்தே ஓடும். டீசல் முழுதாக எரியாது, எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவி ஆயிலில் கலக்கும், பிஸ்டன் ரிங் தேயும். மலை இறக்கத்தில் ஐந்து கிலோமீட்டர் இறங்கிவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கும்மென்று புகை தள்ளும் ஜீப்புகளில் பலவற்றுக்குத் தெர்மோஸ்டாட் இருக்காது.

தெர்மோஸ்டாட் போட்டதும் எஞ்சின் கொதிக்கிறது என்றால், குற்றவாளி ரேடியேட்டர். வெறும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்புக் கல் படிந்திருக்கும். பழைய செம்பு ரேடியேட்டரைத் தூக்கி எறிய வேண்டாம்; கோர் மட்டும் மாற்றிப் பற்றவைத்துத் தரும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன்பின் கூலன்ட்டும் சுத்தமான தண்ணீரும் கலந்து மட்டுமே ஊற்றுங்கள்.

கியர் பாக்ஸுக்கும் ஹௌசிங்குக்கும் ஒரே ஆயிலை ஊற்றலாமா?

கூடாது. பின் சக்கரங்களுக்கு இடையிலுள்ள ஹௌசிங்கின் கிரௌன் பற்சக்கரத்துக்கு ஜிஎல்-5 தர ஆயில் தேவை. கியர் பாக்ஸில், கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் உள்ளன. ஜிஎல்-5-இல் உள்ள சில சேர்மங்கள் பித்தளையை அரிக்கும் என்பதால் அங்கே ஜிஎல்-4 ஊற்றுவதே பாதுகாப்பானது.

டிரான்ஸ்ஃபர் கேஸின் இரண்டு லீவர்களை எப்படிப் பயன்படுத்த வேண்டும்? அதில் எது பழுதாகும்?

ஒன்று முன் சக்கரங்களைச் சேர்ப்பதற்கு, மற்றொன்று ஹை, லோ மாற்றுவதற்கு. ஸ்பைசர் 18 வகைப் பெட்டியில் லோ போட்டால் வேகம் 2.46-இல் ஒரு பங்காகக் குறைந்து, இழுவை அந்த அளவுக்குப் பெருகும். அந்த முழு விசையும் பின் ஆக்ஸில் ஒன்றின் மேலேயே விழக் கூடாது என்பதற்காக, முன் சக்கரங்களைச் சேர்த்த பிறகே லோ விழும்படி அமைத்திருக்கிறார்கள். லோ விழவில்லை என்று லீவரோடு மல்லுக்கட்டும் முன் இதை நினைவில் வையுங்கள்.

காய்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கர ஓட்டத்தைப் போடாதீர்கள். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள வேண்டும். அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் இடையில் இல்லாததால் அந்த வேறுபாடு முறுக்காக ஷாஃப்ட்டில் ஏறி, கிராஸ் பேரிங்கையும் கியரையும் தின்னும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கிக் கொடுப்பதால் முறுக்கு இறங்கிவிடும்.

இந்தப் பெட்டி ஊளையிட்டால் இடை ஷாஃப்ட்டையும் அதன் ஊசி பேரிங்குகளையும் பாருங்கள். ஷாஃப்ட்டில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் மாற்ற வேண்டும். பின் சீல் கசிந்தால் ஆயில் நேராகக் கை பிரேக் டிரம்முக்குள் போகும். கை பிரேக் பிடிக்காத ஜீப்பில் முதலில் மாற்ற வேண்டியது லைனிங் அல்ல, அந்த சீல்.

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறது. பவர் ஸ்டீயரிங் போட்டால் சரியாகுமா?

ஆகாது, உதறலை மறைத்துவிடும். உதறல் பெரும்பாலும் முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங், டை ராட் எண்ட், சக்கரப் பேரிங், ஸ்பிரிங் புஷ் ஆகியவற்றின் சிறுசிறு ஆட்டங்கள் ஒன்றுசேர்ந்து வருவது. முன்புறத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். வேறொருவர் பிரேக்கை மிதிக்கும்போது ஆட்டம் மறைந்தால் சக்கரப் பேரிங், மறையாவிட்டால் கிங் பின். பல பழைய ஜீப்புகளில் கிங் பின்னின் இறுக்கத்தை மெல்லிய ஷிம் தகடுகளை எடுத்தோ சேர்த்தோ சரிசெய்யலாம். இவையெல்லாம் முடிந்த பிறகு பவர் ஸ்டீயரிங் பொருத்தினால் அது உண்மையான சுகம்.

டிஸ்க் பிரேக், பெரிய டயர், பெரிய எஞ்சின்: எதைச் செய்யலாம்?

முன்புற டிஸ்க் நல்ல மேம்பாடு. ஆனால் டிஸ்க்குக்கு மிதிவிசை அதிகம் வேண்டும் என்பதால் உறிஞ்சு விசையால் மிதிக்கு உதவும் பூஸ்டர் இல்லாமல் பயனில்லை. டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போல உறிஞ்சு விசை தானாகக் கிடைக்காது என்பதால், ஆல்டர்னேட்டருடன் வேக்குவம் பம்ப் சேர்ந்த வகையைப் பொருத்த வேண்டும். இந்த மூன்றையும் ஒரே திட்டமாக நினைத்துப் பணம் ஒதுக்குங்கள்.

டயரில் அடக்கம் தேவை. ஜீப்புக்கு உரிய 6.00-16 டயரின் உயரம் ஏறக்குறைய 29 அங்குலம். 31 அங்குல டயர் போட்டால் ஒவ்வொரு கியரும் சுமார் ஏழு விழுக்காடு கனமாகும். ஏற்றத்தில் 2112 சிசி எஞ்சின் திணறும், ஸ்பீடாமீட்டர் குறைத்துக் காட்டும், நிறுத்தும் தூரமும் கூடும்.

எஞ்சின் மாற்றத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். டீசல் நேராக பிஸ்டன் மேல் பாயும் வகையான மகிந்திராவின் 2523 சிசி டிஐ எஞ்சினை எம்எம்540-இல் ஏற்றுவது பட்டறைகளில் வழக்கமான வேலைதான். ஆனால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றியமைப்பதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் அனுமதியின்றி எஞ்சினை மாற்றினால் எஞ்சின் எண் ஆர்.சி.யுடன் ஒத்துவராது, புதுப்பிக்க முடியாது, விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல். பம்பும் நாசிலும் அளந்து, வால்வு உட்காரவைத்து, கூலிங் சரியாக உள்ள பியூஜோ எஞ்சின், நாம் நினைப்பதைவிடச் சுறுசுறுப்பானது. அதற்கு டர்போ கட்டுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஹெட் தாங்காது.

ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. எல்இடி போடலாமா?

அதற்கு முன், சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் ஸ்விட்ச்சான ரிலே இரண்டு போடுங்கள். 60 வாட் பல்புகள் இரண்டுக்கும் சேர்த்துப் பத்து ஆம்பியர் மின்சாரம், முப்பது ஆண்டுப் பழைய ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வருவதால்தான் வெளிச்சம் வழியிலேயே கரைகிறது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக நேரே கம்பி இழுத்தால் அதே பல்பு பளிச்சென்று எரியும்.

துருவையும் பெயின்டையும் எப்படிக் கையாள்வது?

துருவின் மேல் பட்டி பூசாதீர்கள். ஓட்டையான தகரத்தை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி, அதே கனத் தகரத்தைப் பற்றவைத்து, எபாக்ஸி ப்ரைமர் அடித்த பிறகே பட்டி. டீசல் டேங்கைக் கழுவிக் காயவைத்தாலும் அதன் மேல் வெல்டிங் வைக்கக் கூடாது. உள்ளே தங்கும் ஆவி வெடிக்கும். ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் வைத்து அடைக்கச் சொல்லுங்கள், அல்லது புது டேங்க் வாங்குங்கள்.

உதிரிபாகங்கள் எங்கே கிடைக்கும்?

சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். "ஜீப்புக்கு" என்று மட்டும் கேட்டால் மூன்று வகை ஜீப்புகளின் பாகம் கிடைக்கும், மூன்றுமே உங்கள் வண்டிக்குப் பொருந்திவிடாது.

சாலைக்கு வந்த பிறகு முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஐம்பதாவது கிலோமீட்டரில் சக்கர நட்டுகளையும் ஸ்பிரிங் யூ போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். புது பெயின்ட் நசுங்கி இறங்குவதால் அவை நிச்சயம் தளர்ந்திருக்கும். டிரம்களைத் தொட்டுப் பாருங்கள்; ஒன்று மட்டும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் அங்கே ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐநூறு கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொடிப்பொடியாக மின்னினால் புதுப் பாகங்கள் உட்காருகின்றன. நகக்கண் அளவுச் செதில்கள் தெரிந்தால் வண்டியை அன்றே நிறுத்திவிட்டு, எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றுங்கள்.